கோட்டுக்கு ஓர் அங்குலம்

வியாழக்கிழமை காலை சூளைக் கதவைத் திறந்ததும் வேல்விழி முதலில் நிறத்தைத்தான் பார்த்தாள். நீலம் நீலமாகவே வந்திருந்தது. பச்சையில் அவளுக்கு ஒரு வாரமாகச் சந்தேகம். அதுவும் பழுதில்லை. மஞ்சள் ஓட்டில் ஒன்றிரண்டு ஊசிப்புள்ளிகள் இருந்தன, அவ்வளவுதான். ஆறியிருந்த ஒரு நீல ஓட்டை எடுத்துத் துப்பட்டா முனையால் துடைத்து, அதன் மேல் இரும்பு ஸ்கேலை வைத்தாள்.

ஆறு அங்குலம் இருக்க வேண்டும். ஐந்தே முக்கால்கூட இல்லை.

ஸ்கேலின் முதல் கோடு தேய்ந்திருக்கலாம் என்று ஒன்றாம் எண்ணிலிருந்து வைத்துப் பார்த்தாள். அடுத்த ஓட்டை எடுத்தாள். பிறகு மேல் தட்டில் ஒன்று, அடித்தட்டில் ஒன்று, மூலையில் ஒன்று. சந்தேகம் அவளுக்குப் புதிதல்ல. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள் அவள். ஆனால் பூட்டு எப்போதும் பூட்டியே இருக்கும். இன்றுதான் முதல் தடவையாகத் திறந்து கிடந்தது.

பதினேழு ஓடு அளந்தாள். பதினேழும் ஒரே அளவு.

விருத்தாசலம் பீங்கான் எஸ்டேட்டில் கொளஞ்சிநாதனின் பட்டறையில் அவள் பீங்கானுக்கு நிறமும் பளபளப்பும் தரும் கிளேஸ் பூசும் மேசையில் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் போன மதிப்பெண்ணைப் பிடிக்க ஆறு மாதமாகப் பாலக்கரை பக்கம் ஒரு மாடியில் நடக்கும் மாலை வகுப்புக்குப் போய் வருகிறாள். பட்டறையில் செய்வதெல்லாம் ஃபியூஸ் கட்டையும் கொலு பொம்மையும். ஃபியூஸ் கட்டைக்கு அச்சு வெளியிலிருந்து கணக்குப் பார்த்தே வந்துவிடும். பொம்மையை யாரும் அளப்பதில்லை. ஆகவே ஓர் ஓடு சூளைக்குப் பிறகு சரியாக ஆறு அங்குலம் இருக்க வேண்டும் என்ற தேவை அந்தப் பட்டறைக்கு இதுவரை வந்ததே இல்லை. அதை இழுத்துக்கொண்டு வந்தவள் வேல்விழிதான்.

வந்த கதை இப்படி.

மாலை வகுப்பில் பரப்பளவு நடந்த அன்று ஒரு கணக்குப் போட்டார்கள். பக்கம் இரண்டடி உள்ள சதுரத்தின் பரப்பு எவ்வளவு? இரண்டு பெருக்கல் இரண்டு, நான்கு சதுர அடி. அடிப்பக்கம் நாலடியும் உயரம் இரண்டடியும் உள்ள முக்கோணம்? நாலும் இரண்டும் எட்டு, அதில் பாதி நான்கு. மற்றவர்கள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்கள். வேல்விழி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அந்தச் சதுரத்தையும் முக்கோணத்தையும் அவளுக்கு வெகுநாளாகத் தெரியும்.

ஸ்கூலுக்குப் பின்னால் புங்க மரத்தடியில் அவளும் கூடப் படித்த நீலாவதியும் நொண்டியாடப் போட்ட பாண்டி அது. கீழே இரண்டு வரிசையில் நாலு சதுரம். அதற்கு மேலே ஒரு பெரிய சதுரம், மூலைக்கு மூலை கோடு இழுத்து நாலு முக்கோணம். தலைமாட்டில் ஓர் அரைவட்டம், அதற்குப் பெயர் மலை. மலையில் இரண்டு காலையும் ஊன்றி மூச்சு வாங்கிக்கொள்ளலாம். மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு, கட்டத்துக்குள் எறியும் சில்லு என்றால் உடைந்த கூரையோடு. விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்கு அப்படியில்லை. எஸ்டேட் மதிலுக்கு வெளியே கொட்டிக் கிடக்கும் உடைசலில் வெள்ளைப் பீங்கானாகப் பார்த்துப் பொறுக்கி, ஸ்கூல் வாசற்படியில் தண்ணீர் விட்டுத் தேய்த்து முனை மழுக்குவார்கள். பளபளப்பான பக்கம் தரையில் பட்டால் சில்லு வழுக்கி ஓடிவிடும், சொரசொரப்பான பக்கம் பட்டால் விழுந்த இடத்தில் நிற்கும். இந்தச் சூட்சுமம் தெரியாமல் பெண்ணாடத்திலிருந்து லீவுக்கு வந்த நீலாவதியின் அத்தை மகள் ஒரு முழு விடுமுறையும் தோற்றுவிட்டு, அழுதுகொண்டே பஸ் ஏறினாள்.

வேல்விழி முக்கோணத்தில் மட்டும் ஆடமாட்டாள். "இது சின்னதுடி. சதுரத்துல பாதிகூட இருக்காது. கால் வைக்க எடமில்ல."

"சின்னதும் இல்ல, பெருசும் இல்ல. ஒனக்குப் பயம்," என்பாள் நீலாவதி.

அளந்து காட்ட இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பு முழுக்க அந்தச் சண்டை ஓடியது. நீலாவதி படித்து, அதே ஸ்கூலுக்கு டீச்சராக வந்த பிறகும் அது தீரவில்லை, மறந்துதான் போயிருந்தது.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போதே வேல்விழி ஃபோனில் குரல் செய்தி அனுப்பினாள். "ஏய், ரெண்டும் ஒண்ணுதான்டி! நாலு, நாலு! நீ சொன்னது சரி."

பத்து நிமிஷம் கழித்து பதில் வந்தது. "என்னடி நாலு? குடிச்சிருக்கியா?" அடுத்தாற்போல் இன்னொன்று. "பாண்டியா? ஐயோ. அந்த எடம் பூரா சிமெண்ட் கல்லு பதிக்கப் போறாங்கடி. மழை பேஞ்சா சேறாவுது, புள்ளைங்க வழுக்கி வுழுவுதுங்கன்னு. இனிமே கோடு கிழிக்க மண்ணு இருக்காது."

அந்த இரண்டாவது செய்தியிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. கல் பதிக்கும் தரையில் நாலடிக்குப் பத்தடி மட்டும் விட்டுவைத்தால் பீங்கான் ஓட்டில் பாண்டி போட்டுத் தருகிறேன் என்று வேல்விழி சொன்னாள். நீலாவதி தலைமையாசிரியையிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தாள். சூளையில் ஃபியூஸ் கட்டைகளுக்கு நடுவே கிடைக்கும் சந்தில் வைத்துக்கொள் என்று கொளஞ்சிநாதன் இடம் கொடுத்தார். வேல்விழி நோட்டில் எழுதினாள். நாலு சதுரம், பதினாறு சதுர அடி. நாலு முக்கோணம், பதினாறு சதுர அடி. அரைவட்டம், ஆறே காலுக்குச் சற்று மேல். மொத்தம் முப்பத்தெட்டு புள்ளி இரண்டு எட்டு. ஒரு சதுரத்துக்கு ஆறு அங்குல ஓடு பதினாறு. ஒரு முக்கோணத்துக்குப் பன்னிரண்டு முழு ஓடு, மூலைக்கு மூலை அறுத்த பாதி ஓடு எட்டு. அதுவும் பதினாறேதான் என்று வந்தபோது ஏதோ தொலைந்த பொருள் கிடைத்ததுபோல் சிரித்துக்கொண்டாள்.

ஒரே ஒரு விஷயத்தைத்தான் கொளஞ்சிநாதனிடம் கேட்டாள். "அண்ணே, மண்ணு சூளையில எவ்ளோ சுருங்கும்?"

"பத்து பர்சன்ட்," என்றார் அவர், ஃபோனிலிருந்து தலை தூக்காமல்.

இப்போது சூளை வாசலில் உட்கார்ந்து அதே நோட்டைப் புரட்டினாள். கையெழுத்து தெளிவாக இருந்தது. மூன்று முறை சரிபார்த்ததற்கு மூன்று டிக் இருந்தன. சூளைக்குப் பிறகு முப்பத்தாறு சதுர அங்குலம் மிஞ்ச வேண்டும். பத்தில் ஒரு பங்கு போகும். ஆகவே நாற்பது சதுர அங்குலத்தில் செய்ய வேண்டும். நாற்பதின் வர்க்கமூலம் ஆறு புள்ளி மூன்று இரண்டு. வர்க்கமூலத்தைத் தானே கண்டுபிடித்ததில் அன்றைக்கு அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. அச்சுச் சட்டம் அந்த அளவுக்குத்தான் அடித்தாள்.

கூட்டல், பெருக்கல் எதிலும் பிசகில்லை. பத்து பர்சன்டை வைத்த இடம்தான் தப்பு. மண் சுருங்குவது பக்கத்தில். நீளத்தில் பத்தில் ஒன்று போகும், அகலத்திலும் பத்தில் ஒன்று போகும். நூறு கட்டம் இருந்த இடத்தில் தொண்ணூறு மிஞ்சாது, எண்பத்தொன்றுதான் மிஞ்சும். ஆறு மாதமாகப் பரப்பு பரப்பு என்று படித்த புத்தி, சுருக்கத்தையும் பரப்பிலேயே வைத்துவிட்டது. கணக்கே படிக்காதவளாக இருந்திருந்தால் ஆறு அங்குலத்துக்கு முக்கால் அங்குலம் கூட்டி வைத்திருப்பாள், ஏறக்குறையச் சரியாக வந்திருக்கும் என்று நினைத்தாள்.

கொளஞ்சிநாதன் வந்து ஓட்டைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார். "கணக்கு படிச்சா மண்ணு கூடுதலா சுருங்குமா?"

"இன்னொரு சூளை வைக்க முடியுமாண்ணே?"

"வைக்கலாம். அச்சு அடிச்சு, காய வச்சு, சுட்டு எடுக்கப் பதினஞ்சி நாளாவும். ஸ்கூல்ல கல்லு பதிக்கிற மேஸ்திரி அது வரைக்கும் இருப்பாரா?"

மேஸ்திரி இருக்கமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். பச்சமுத்து மேஸ்திரிக்குத் திங்கட்கிழமை கம்மாபுரத்தில் அடுத்த வேலை. சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஓடு பதியவில்லை என்றால் அந்த நாலடிப் பத்தடியையும் சிமெண்ட் கல்லால் மூடிவிட்டுப் போவதாகப் பேச்சு. பள்ளமாக விட்டால் பிள்ளைகள் விழுவார்கள். மூடிய பிறகு யாரும் பெயர்க்கப் போவதில்லை.

மதியம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஓடுகளை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனாள். மைதானம் அடையாளம் தெரியவில்லை. புங்க மரத்தைச் சுற்றி வட்டமாக மேடை கட்டியிருந்தார்கள். சாம்பல் கல்லும் சிவப்புக் கல்லும் மாறி மாறி, தாழ்வாரம் வரைக்கும் ஓடின. நடுவே அவளுக்காக விட்ட இடம் மட்டும் செம்மண்ணாக, தலைமாட்டில் அரைவட்டம் வளைந்து, சிமெண்ட் விளிம்பு கட்டி, யாரோ படுத்து எழுந்த பாய்போலக் கிடந்தது.

எட்டு ஓட்டை வரிசையாக அடுக்கினாள். விளிம்புக்கும் கடைசி ஓட்டுக்கும் நடுவே நாலு விரல் வைக்க இடம் இருந்தது, கிட்டத்தட்ட இரண்டரை அங்குலம்.

பச்சமுத்து மேஸ்திரி இடுப்பில் கை வைத்து நின்றார். "நாலடின்னீங்க. நாலடி வுட்டேன். நூலு புடிச்சி வுட்டேன். இப்ப என்னாங்க இது?"

"ஒங்க மேல தப்பில்லைங்க. நான்தான் ஓட்டைச் சின்னதா போட்டுட்டேன்."

தாழ்வாரத்திலிருந்து நீலாவதி வந்துகொண்டிருந்தாள். கையில் சாக்பீஸ் தூள், தோளில் பை. இடைவெளியைப் பார்த்தாள். வேல்விழியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"மறுபடியும் சின்னதா போட்டியா! மேஸ்திரி, இவ அப்பவே இப்பிடித்தாங்க. இவளுக்குக் கால் குட்டை. குச்சிய இவ கையில குடுத்தா கட்டம் தட்டு மாதிரி இருக்கும். அழிச்சி அழிச்சி நான் போடணும்."

"சிரிக்காதடி. எடத்தை மூடப் போறாங்க."

நீலாவதியின் சிரிப்பு நின்றது.

மேஸ்திரிக்கு ஒரு வழி தோன்றியது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே கொஞ்சம் கொஞ்சம் இடம் விட்டு, சிமெண்ட் அடைத்து இழுத்துக்கொண்டு போய்விடலாம். வேல்விழி ஒரு சதுரத்தை அப்படி அடுக்கிப் பார்த்தாள். காலங்குலத்துக்கு மேல் சந்து விழுந்தது. நீலாவதி ஓர் ஓட்டுத் துண்டை எடுத்து வீசினாள். அது போய் முதல் சந்திலேயே சிக்கி நின்றது.

"நெரப்பிட்டா சிக்காதும்மா," என்றார் மேஸ்திரி. "ஆனா பாக்க கம்பி வேலி மாதிரிதான் இருக்கும். அது வேணாம்னா சொல்லுங்க, கல்லு இருக்குது, மூடிட்டுப் போயிடறேன்."

"இருங்க." நீலாவதி குனிந்து சந்துகளை உற்றுப் பார்த்தாள். "வேலு, இதுல எதுடி கோடு? பதினாறு ஓட்டுக்கு நடுவுலயும் கோடு இருக்குது. பக்கத்துக் கட்டத்துக்கும் இதே சந்து. எந்தக் கோட்ட மிதிச்சா அவுட்டு?"

"நெறம் மாறுற எடம்தான் கோடு."

"அது கோடா? அதுக்குத் தடிப்பே இல்லியே. குதிகால் பட்டுச்சா படலையான்னு எப்பிடிச் சொல்றது? சண்டைதான் வரும். ஒன்னைய மாதிரி ஒருத்தி ஒவ்வொரு கிளாசுலயும் இருக்காடி."

வேல்விழி புங்க மரத்து மேடையில் உட்கார்ந்து நோட்டை எடுத்தாள். முப்பத்தெட்டு சதுர அடியில் கோட்டுக்கு என்று அவள் எதையும் எழுதவில்லை. வகுப்பில் கோட்டுக்கு நீளம் மட்டும்தான், பரப்பு கிடையாது. ஆனால் அவர்கள் குச்சியால் கிழித்த கோட்டுக்கு ஒரு விரல் தடிப்பு இருந்தது. மண் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவில் ஒரு சின்ன வாய்க்கால் ஓடும். விளையாட்டில் பாதிச் சண்டை அந்த வாய்க்காலில்தான் நடந்தது.

சந்துகளை மூடி ஓடுகளை நெருக்கி அடுக்கினால், குறைவதெல்லாம் கட்டங்களுக்கு நடுவிலும் விளிம்பிலும் சேரும். குறுக்கே போகும் கோடு ஒவ்வொன்றும் ஓர் அங்குலம். நெடுக்கே போவது அதைவிடச் சற்றுக் குறைவு. முக்கோணங்களை நாலு பக்கமும் கொஞ்சம் விலக்கி வைத்தால் மூலைக்கு மூலை அரை அங்குலத்துக்கு மேல் விழும். ஒவ்வொரு கோட்டையும் நீளம் பெருக்கல் அகலம் என்று தனித்தனியாகப் போட்டுக் கூட்டினாள். நாலு சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு. பிறகு வேறு வழியில், மொத்த இடத்திலிருந்து ஓடுகளின் பரப்பைக் கழித்தாள். அதே விடை. இருந்தாலும் நம்பாமல், ஒரு சதுரத்தையும் பக்கத்துச் சதுரத்தையும் ஓடு வைத்தே அடுக்கிக் காட்டினாள்.

மேஸ்திரி குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "வரும். ஆனா கோட்டுக்கு என்னா வைக்கிறது? வெறும் சிமெண்ட் வச்சா ஒரு மழைக்குப் பொரிஞ்சிடும்."

இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எஸ்டேட் மதிலுக்கு வெளியே இன்னும் வெள்ளை உடைசல் கொட்டிக் கிடக்கிறது.

"சில்லு," என்றாள் நீலாவதி.

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வந்துடணும்," என்றார் மேஸ்திரி. "கால்ல கிழிக்காத மாதிரி வேணும். சனிக்கிழமை காலையில நான் கலவை போட்டுடுவேன், சொல்லிட்டேன்."

வெள்ளிக்கிழமை வேல்விழி இந்தத் தடவை கணக்கை மட்டும் நம்பவில்லை. ஓர் அடி நீளம், ஓர் அடி அகலத்தில் நாலு பக்கமும் மெல்லிய ரீப்பர் கட்டை அடித்து ஒரு தட்டு செய்தாள். உடைந்த துண்டின் பரப்பை எந்தச் சூத்திரத்தாலும் அளக்க முடியாது. ஆனால் தட்டு நிறையப் பரப்பிவிட்டால் ஒரு சதுர அடி. நாலு தட்டு நிறைந்தால் போதும். ஐந்தாவதாக ஒன்றும் செய்துகொள்வது என்று முடிவு செய்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் உடைசல் மேட்டுக்குப் போய்ச் சாக்கில் பொறுக்கி வந்தாள். ஃபியூஸ் கட்டையின் தட்டையான முதுகு, பீங்கான் தட்டின் விளிம்பு, பொம்மையின் அடிப்பாகம். சுத்தியால் தட்டி விரல் அகலத்துக்கு உடைத்து, பட்டறைத் தண்ணீர்த் தொட்டியோரக் கல்லில் ஒவ்வொன்றாக முனை தேய்த்தாள். பத்துத் துண்டு தேய்ப்பதற்குள் கைக்கு அந்தப் பழைய பழக்கம் வந்துவிட்டது. தண்ணீர், தேய்ப்பு, திருப்பு, தேய்ப்பு. கல்லின் மேல் பால்போல ஒரு கசிவு வரும், அதை விரலால் வழித்து மறுபடி தேய்க்கலாம். அந்த ஈரப் பீங்கான் வாசனையை இருபது வருஷமாக அவள் நினைத்ததே இல்லை. ஆனால் அது எங்கும் போயிருக்கவில்லை. ஒரு சில்லு தேய்க்க அப்போது ஒரு முழு இடைவேளை ஆகும். மணியடித்தால் அரைகுறையாகத் தேய்த்ததைப் பென்சில் டப்பாவில் போட்டுக்கொண்டு ஓடுவாள். கணக்கு வகுப்பில் டப்பாவுக்குள் அது கடகடவென்று உருளும். டீச்சர் திரும்பிப் பார்ப்பார். பத்தாம் வகுப்பில் கணக்கு போனதற்கு அந்தச் சத்தத்தையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

மூன்று மணிக்கு இரண்டு தட்டுகூட நிறையவில்லை. கொளஞ்சிநாதன் எட்டிப் பார்த்தார்.

"இந்த வேகத்துக்குத் தீவாளிக்கு முடியும்."

"பாத்துக்கிட்டு நிக்காம ஒரு கல்லு எடுங்கண்ணே."

அவர் ஒருமுறை வாசலைப் பார்த்தார், யாரும் இல்லை. வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். "நாங்க சின்னப் புள்ளையில இந்தச் சில்லு மல்லாந்து வுழுந்தா ஒரு பேரு, கவுந்தா ஒரு பேரு சொல்லுவோம். என்னா பேருன்னு மறந்துபோச்சி பாரு." அவர் தேய்த்த துண்டுகள் அவளுடையதைவிட வழவழப்பாக இருந்தன. அவள் அதைச் சொல்லவில்லை. ஸ்கூல் விட்டதும் நீலாவதியும் வந்து சேர்ந்தாள். ஐந்தாவது தட்டு நிறைந்தபோது தொட்டித் தண்ணீர் முழுக்க வெள்ளையாகிவிட்டிருந்தது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மேஸ்திரி கலவை போட்டார். நீலச் சதுரம், பச்சைச் சதுரம், மஞ்சளும் காவியுமாக முக்கோணம், செங்கல் நிறத்தில் மலை. நெருக்கி வைத்த ஓடுகளுக்கு நடுவே கட்டத்துக்குக் கட்டம் வெள்ளைத் துண்டுகளை வேல்விழி மண்டியிட்டு அழுத்திக்கொண்டே போனாள். ஒவ்வொரு கோட்டையும் முடித்ததும் ஸ்கேல் வைத்தாள். இரண்டாவது தடவை வைத்தபோது மேஸ்திரி, "அம்மா, சிமெண்ட் காயுது," என்றார். அதன் பிறகு ஒரு தடவையோடு நிறுத்திக்கொண்டாள். பிற்பகல் மூன்றே கால் மணிக்குக் கடைசித் துண்டு மலையின் வளைவில் உட்கார்ந்தது. ஐந்தாவது தட்டில் இரண்டு கைப்பிடி மிச்சம் இருந்தது.

மேஸ்திரி சற்றுத் தள்ளிப் போய் நின்று பார்த்தார். சுவரோரம் அடுக்கியிருந்த மீதிக் கற்களை வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டுப் போனார். வேல்விழிக்கு அப்போதுதான் மூச்சு முழுதாக இறங்கியது.

இரண்டு நாள் ஈரச் சாக்கு போட்டு வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு நீலாவதி சாக்கை உருவினாள். "நாளைக்கு அதுங்க வந்தா நமக்கு எடம் கெடைக்காது. வா, ஒரு ஆட்டம்."

"இந்த வயசுலயா?"

"நீ முக்கோணத்துல ஆடிக் காட்டுடி. ரெண்டும் ஒண்ணுதான்னு ராத்திரி வேளையில வாய்ஸ் அனுப்புனியே."

மிச்சத் துண்டில் வேல்விழி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். சொரசொரப்பான பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து வீசினாள். சில்லு மஞ்சள் முக்கோணத்தின் நடுவில் விழுந்து, அசையாமல் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு, சுடிதாரைத் தூக்கிப் பிடித்து நொண்டினாள். முதல் சதுரம், இரண்டாம் சதுரம், பச்சை, மறுபடி நீலம். ஓடு குளிர்ச்சியாக இருந்தது. முக்கோணத்துக்குள் குதித்தாள். இடம் இருந்தது, கால் வைக்கத் தாராளமாகவே இருந்தது. குனிந்து சில்லை எடுத்தாள்.

"கோடு!" நீலாவதி கத்திய கத்தலில் மரத்திலிருந்து இரண்டு மைனா பறந்தன. "மிதிச்சிட்டே! அவுட்டு!"

"எங்கடி மிதிச்சேன்?"

"குனிஞ்சி பாரு. அரை அங்குலத்துக்கு மேல நீயேதான் போட்ட."

வேல்விழி குனிந்து பார்த்தாள். குதிகால் பாதி மஞ்சளில், பாதி வெள்ளையில் இருந்தது. ஐந்தாம் வகுப்பாக இருந்தால் சாயங்கால மணி அடிக்கும் வரை இல்லவே இல்லை என்று சாதித்திருப்பாள்.

"அவுட்டுதான்," என்று சொல்லி, சில்லை நீலாவதியின் கையில் கொடுத்துவிட்டு மலையோரம் போய் நின்றாள்.